மஞ்சள் சாயமல்ல

"விரலில் சாயம் எதுவும் இருக்கலாகாது. இருந்தால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்." ஆய்வுக் குழுவின் நான்காம் விதி இது. தமிழாக்கம்: அடியேன். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரி அலுவலகத்தில் சுற்றறிக்கை படித்தே சோறு தின்றவனை விட்டால் பொகவந்தலாவையில் இதற்கு வேறு யார்?

பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் ரத்தத் துளி மேல் லேசர் பாய்ச்சுவார்கள். செல்லில் பட்டுச் சிதறும் ஒளி, கணினித் திரையில் மலைத்தொடர் போலக் கோடாக விழும். ரத்தப் புற்றுநோய்ச் செல்லின் மலைத்தொடர் வேறு, அதிலும் வகைக்கு ஒரு வடிவம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் தேடித்தான் எங்கள் தேயிலைத் தோட்ட மண்டபத்துக்கு வந்திருந்தார்கள்.

வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்கவுரை ஆற்றினேன். "மைக்ரோஸ்கோப் ஏமாறும். வெளிச்சம் ஏமாறாது." (கொட்டாவி விட்டார்கள். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.) மருதாணி போட்டிருந்த இரண்டு பெண்களை நான்காம் விதிப்படி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல் ஆளாக விரலை நீட்டினேன்.

முந்தின நாள்தான் மாரியம்மன் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு. மச்சான் முருகேசு, என் மனைவியின் தம்பி, அண்டாவோடு கவிழ்த்த மஞ்சள் என் நகக்கண் வரை ஏறியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சும் மஞ்சளாகவே திரும்பியது.

"சேர், விரல் மஞ்சளா இருக்கே?" என்றாள் ஆய்வு மாணவி.

"இது சாயமில்லம்மா, மங்களம். குத்துங்க."

திரையில் மலைத்தொடர் வரவில்லை. ஒரே ஒரு ராட்சத மலை, திரையின் உச்சியை முட்டி நின்றது. கீழே, "வகைப்படுத்த முடியவில்லை."

"இன்னொரு தடவை குத்தட்டுமா சேர்?"

"கூடாது. ஆளுக்கு ஒரு தடவைதான். ஐந்தாம் விதி."

"அப்ப பேராசிரியர்கிட்ட கேட்டு எழுதுறோம்."

மனைவி சரோஜா என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் ரத்தம் பார்க்க வைத்தாள். எல்லாம் சரி என்றார்கள். நம்புவேனா? அது மைக்ரோஸ்கோப் அல்லவா! எந்த வகையிலும் அடங்காத புதுப் புற்று எனக்கு வந்திருப்பதாக முடிவு செய்தேன். (இதிலும் ஒரு சின்னப் பெருமை.)

சாவுக்கு முறைப்படி தயாரானேன். கோயில் கமிட்டித் தலைவர் பதவியை எழுத்துமூலம் முருகேசுவிடம் ஒப்படைத்து, நிலையாமை பற்றி ஒலிபெருக்கியில் நெடுநேரம் பேசினேன்.

"நீங்க போனாலும் ஒங்க பேரு நிக்கும் மச்சான்," என்றான் முருகேசு, கோயில் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டே.

"இவரு எங்க போகப் போறாரு? ராத்திரிக்கு ஆறு ரொட்டி உள்ள போகுது," என்றாள் சரோஜா.

இப்போதும் எங்கள் வீட்டில் சட்டையில் குழம்பு சிந்தினால் யாரும் வருந்துவதில்லை. "சாயமில்ல, மங்களம்!"

பல மாதம் கழித்து வந்த பேராசிரியரின் பதில் இரண்டே வரி. விரலில் இருந்த மஞ்சள், லேசர் பட்டதும் பளிச்சென்று ஒளிர்ந்து ரத்தத்தின் அடையாளத்தையே மூடிவிட்டதாம். மாதிரியை நீக்கிவிட்டார்களாம், கவலை வேண்டாமாம். அது வந்த நாள் தை இரண்டு, மாட்டுப் பொங்கல். கோயில் கமிட்டிக்குப் போட்டியின்றி மீண்டும் தலைவரான முருகேசுவின் கழுத்தில் நான் மாலை போட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் போன் சிணுங்கியது.