பல்லிக்குப் பயந்து மூடிய கண்ணாடி

நான். என் மனைவி கோமதி. எதிர்வீட்டுப் பவர்லூம் குப்பன். எங்கள் மாடியில் குடியிருந்த சுத்தல் சார். உத்தரத்தில் ஒரு பல்லி. அன்று அறையில் இருந்தது இவ்வளவு பேர்.

கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகத் தெருவையே மிரட்டியவர் ஆரணியில் சுத்தல் சார் ஒருவர்தான். பெயர் ஏதோ சொன்னார். யாருக்கும் நிற்கவில்லை. காலேஜில் ஆராய்ச்சி. நகத்தளவு கண்ணாடியில் ஒரு சொட்டு மருந்து விடுவார். பழைய கம்ப்யூட்டர் ஃபேனில் ஒட்டிக் காயும்வரை சுற்றவிடுவார்; அதனால்தான் சுத்தல் சார். மருந்து பரவி மெல்லிய தோலாகும். அதில் வெயில் பட்டால் கரண்ட் வருமாம். பேருக்குத்தான் வந்தது.

கோமதி மிளகாய் தாளித்தால், "அக்கா, பிலிம் கெட்டுடும்!" குப்பனின் தறி அதிர்ந்தால், "அண்ணே, ஜல்தி நிறுத்துங்க!" நான் தும்மினால் இரண்டு நாள் பேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமைக்குள் கரண்ட் கூடாவிட்டால் ஆராய்ச்சி இடம் போய்விடும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மருந்து ஒரு சொட்டுதான் மிச்சம். எங்களை மேலே கூப்பிட்டார்.

"மூணு பேரும் என் கண்ணெதிர்லயே குந்துங்க. தாளிக்க மாட்டீங்க, தறி ஓட்ட மாட்டீங்க."

குந்தினோம். கண்ணாடி சுற்றத் தொடங்கியதும் கரண்ட் போனது.

"நான் நிறுத்துனா பத்தலன்னு ஊருக்கே நிறுத்திட்டாங்க சார்" என்றான் குப்பன்.

கரண்ட் ஆபீசைக் கூப்பிடச் சார் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். கண்ணாடியில் மருந்து ஈரமாகவே இருந்தது. பல்லி நகர்ந்து நேர்மேலே வந்தது. கோமதி ஒரு டபராவைக் கவிழ்த்து மூடினாள்.

திரும்பி வந்தவர் அலறினார். "யாரு மூடுனது?"

"பல்லி சார். மேலயே பாத்துகினு இருந்துச்சு. அசிங்கம் பண்ணிட்டா?"

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எழவில்லை. பிறகு திறந்தார்.

நான் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். "கலர் ஏறியிருக்குது சார்" என்றேன். எப்போதும் செம்பு நிறமாக இருக்கும். அன்று கத்திரிப்பூ நிறம்.

ஜன்னலில் தூக்கிப் பார்த்தார். குதித்தார்.

"மூடுனதுல மெதுவா காஞ்சிருக்குது அண்ணே! நான்தான் அவசரமா காயவச்சிகினு இருந்தேன். மெதுவா காஞ்சா உள்ள எல்லாம் வரிசையா உக்காருது. கரண்டுக்கு வழி கிடைக்குது!"

சாயம் போட்ட பட்டை நாங்கள் நிழலில்தான் காயவைக்கிறோம். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "அக்கா, ரெண்டு மடங்கு! பல்லிகிட்ட சொல்லிடுங்க!"

இடம் நிலைத்தது. பெரிய ஊரில் வேலையும் கிடைத்துப் போய்விட்டார்.

அறையை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள். ஒழுகுது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஒழுகாது.

இதுவரை பதினொரு பேர்.