செங்கலண்ணன் மூட்டிய நெருப்பு

மலேசியாவில், எங்கள் கேமரன் மலையில் ஒரு துண்டு விறகுகூட எரிக்காமல் அதிகமான வீடுகளில் நெருப்பு மூட்டியவர் செங்கலண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தானா ராத்தாவிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும், சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிற ஹோம்ஸ்டே வீடு எதற்குள் நுழைந்தாலும் ஹால் சுவரில் ஒரு செங்கல் கணப்படுப்பு இருக்கும். உள்ளே நெருப்பு கொழுந்துவிட்டு எரியும். கிட்டே போய்க் கையை நீட்டினால் சுவர் ஜில்லென்று இருக்கும். எல்லாம் ஸ்டிக்கர். அத்தனையும் அவர் எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் வரைந்து அச்சடித்தவை.

கடை பிரிஞ்சாங்கில் இருக்கிறது. முதலாளியை எல்லாரும் பாய் என்போம். நான் கவுண்டரில் ஆர்டர் எடுக்கிறவள். செங்கலண்ணனின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும், ஆனால் கேட்டால் அவரும் கொஞ்சம் யோசிப்பார்.

அண்ணன் முன்பு கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து, இனி கட்டட வேலையே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு பாய் அவரைக் கடையில் சேர்த்துக்கொண்டார். படம் திருத்துகிற சாஃப்ட்வேரை மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டார். ஆனால் கொத்தனார் வேலையை விட்டுவிட்டோம் என்பதை மட்டும் அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு செங்கல்லை வரைந்து, காப்பி எடுத்து, வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் சுவர் முடிந்துவிடும். நானே செய்வேன். அவர் செய்யமாட்டார். ஒவ்வொரு செங்கல்லையும் தனித்தனியாக வரைவார். ஒன்றுக்கு மூலை மழுங்கியிருக்கும், இன்னொன்று சூளையில் கூடுதலாக வெந்து கறுத்திருக்கும். கீழ் வரிசையிலிருந்துதான் தொடங்குவார். ஒரு வரிசை முழுக்கல்லில் ஆரம்பித்தால் அடுத்தது அரைக்கல்லில்.

"ஏண்ணே, காப்பி பேஸ்ட் பண்ணுனா என்ன?"

"மூட்டு நேரா வந்துரும்லா. சுவர் நிக்காது."

"இது ஸ்டிக்கருண்ணே. பசை நின்னா போதும்."

என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அடுத்த கல்லை வைத்தார்.

ஒரு கல்லுக்கு ஒரு லேயர், அதாவது படத்தில் ஒரு தனி அடுக்கு, என்று கணக்கு. பாதிச் சுவர் எழும்புவதற்குள் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும், சூடேறிவிடும். மழை நாளில் நானும் பாயும் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் குளிர்காய்வோம். அவர் கட்டிய அடுப்புகளில் உண்மையாகவே சூடு கொடுத்தது அது ஒன்றுதான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சுவர் முடிந்த அன்றைக்கு நெருப்பு வரைய மாட்டார். கலவை காய வேண்டுமாம். மறுநாள்தான் விறகு அடுக்குவார், அதற்குப் பிறகுதான் நெருப்பு.

"அட அல்லா, கம்ப்யூட்டருக்குள்ள என்னப்பா காயுது?" என்று பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

"ஈரத்துல நெருப்பு போட்டா வெடிப்பு விழும் பாய்."

திரிங்காப்பில் கோபிஸ் தோட்டம் போட்டிருக்கிற சீன முதலாளி, தவ்க்கே ஒருவர், தன் முட்டைக்கோஸ் கூடைகளைக் கணப்படுப்புக்கு முன்னால் வைத்து ஒரு பேனர் கேட்டார். அண்ணன் கூடைகளையெல்லாம் பேனரின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். நெருப்புக்குக் கிட்டே வைத்தால் வாடிப்போகுமாம். தவ்க்கே கத்திய கத்தல் எதிர்க்கடை வரை கேட்டது. கூடைகள் மட்டும் அசையவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் பரமேஸ்வரி வந்து சேர்ந்தாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடையில் நிற்கிறவள். நாற்பது வயதிருக்கும். அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்.

எங்கள் பக்கத்தில் காரியத்துக்குள் இறந்தவர் படத்தைப் பெரிதாக்கி மாட்டிவிட வேண்டும். பெரும்பாலும் ஐசி அடையாள அட்டையில் இருக்கிற படம் மட்டும்தான் கிடைக்கும். அதற்குக் கோட்டு மாட்டி, பின்னால் திரைச்சீலை போட்டுக் கொடுப்போம். உயிரோடு இருந்தபோது கோட்டைத் தொட்டே பார்க்காத எத்தனையோ பேர் எங்கள் கடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு சுவரேறியிருக்கிறார்கள். நான் வழக்கம்போல் கோட்டு வகைகளைக் காட்டினேன்.

"கோட்டு வேணாம். அப்பாவ பங்களா அடுப்பு முன்னால நாற்காலியில உக்கார வெச்சுக் குடுங்க" என்றாள்.

அவள் அப்பா முனியாண்டிக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை. முப்பது வருஷம் தினமும் அங்கே நெருப்பு மூட்டியவர். விறகு பிளப்பது, ஊதுவது, மறுநாள் சாம்பல் அள்ளுவது எல்லாம் அவர்தான். அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார், குந்தியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. வேலை முடிந்து அவர் திரும்புகிற தொழிலாளர் லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் பனி, இந்தப் பக்கம் படுக்கிற கோரைப்பாய்.

"ஆஸ்பத்திரியில கடைசி மூணு நாளும் குளுருது குளுருதுன்னே சொன்னாருண்ணே. ரெண்டு போர்வை போத்துனேன். பத்தல. எனக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியல." அண்ணனைப் பார்த்துத்தான் இதைச் சொன்னாள்.

பங்களா இப்போது விடுதியாகிவிட்டது. அடுப்பைப் படமெடுக்கப் போயிருக்கிறாள். வாயை அடைத்து டிவி வைத்திருந்தார்களாம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்ப் பின்வாசலில் நின்று பார்த்த ஞாபகம் மட்டும்தான் அவளிடம் இருந்தது. கூடவே ஒரு கல்யாண வீட்டில் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படமும்.

அண்ணன் அன்றே அடிவரிசையை ஆரம்பித்தார். வியாழன் மத்தியானம் வளைவு வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்துப் பரமேஸ்வரி போன் செய்தாள்.

"அண்ணே, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. இடது பக்கம் கீழ ரெண்டாவது வரிசையில ஒரு கல்லு ஒடஞ்சிருக்கும். அப்பா நெருப்புப்பெட்டிய அந்தச் சந்துலதான் சொருகி வெப்பாரு."

ஒரு கல்லை மட்டும் அழித்துவிட்டு உடைந்த கல்லை வரைந்தால் தீர்ந்தது. இரண்டு நிமிஷ வேலை. அண்ணன் போனை வைத்தார், மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுக்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே பண்றீங்க!"

"அடியில கை வெக்கணும்னா மேல எறக்கணும்லா."

"ஞாயித்துக்கிழமை காரியம்ணே! நாள் தள்ளிப் போடுற விஷயமா இது?"

பாயும் சேர்ந்து கத்திப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் திரும்பவும் கட்டும்போது அந்த உடைந்த கல்லில் அவர் அரை நாள் செலவழித்ததைப் பார்த்தேன். நெருப்புப்பெட்டி உரசி உரசி விளிம்பு வழவழப்பாகியிருக்க வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் எனக்குக் கத்த வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவர் முடிந்தது. இரவெல்லாம் காய்ந்தது. சனிக்கிழமை நெருப்பும் போட்டு, முனியாண்டியைத் தோல் நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் கம்பளிச் சால்வையும் போர்த்தினார்.

நாலு மணிக்குப் பரமேஸ்வரி வந்தாள். திரையில் ரொம்ப நேரம் பார்த்தாள். உடைந்த கல்லை விரலால் தொட்டாள்.

"அப்படியே இருக்குண்ணே" என்றாள். "ஆனா இந்த நெருப்ப யாருண்ணே போட்டது?" என்று கேட்டாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"அப்பா உக்காந்திருக்காரு. வேற யாருமே இல்ல. அணையப் போவுதுன்னா அவருதான எந்திரிச்சுப் போய் ஊதணும்? செத்தப்புறமுமாண்ணே?"

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிற அண்ணன் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காரியம் எத்தன மணிக்கு?" என்றார்.

"பத்தரைக்கு."

"எட்டு மணிக்கு வாங்கம்மா."

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு விடியும்போதே வந்துவிட்டார் போல. பிரேம் போட்டுக் கொடுக்க நான் ஏழே முக்காலுக்குப் போனபோது படம் அச்சாகி மேசைமேல் கிடந்தது.

முனியாண்டி அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுப்புக்கு முன்னால், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் ஆள் குந்தியிருந்தான். குழல் பிடித்து நெருப்பை ஊதிக்கொண்டிருந்தான். தலையில் துண்டு, காதில் ஒரு பென்சில். ஒன்பது வருஷமாகக் கவுண்டரிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிற முதுகு அது. பேனர் சுற்றுகிற அட்டைக் குழாயை அண்ணன் ஊதுகுழலாக மாற்றியிருந்தார்.

சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து வலது முழங்கால் சரியாக மடங்காத மனுஷர் அவர். பேனா கீழே விழுந்தால்கூட எடுத்துத் தரச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவார். கைபேசியைப் பசை டப்பாவில் சாய்த்து வைத்து, படம் சரியாக விழும் வரைக்கும் எத்தனை தடவை குந்தி எழுந்தாரோ! சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

பரமேஸ்வரி வந்து படத்தைப் பார்த்தாள்.

"யாருண்ணே இவரு?"

"பங்களாவுக்கு வந்திருக்கிற புது ஆளும்மா" என்றார் அண்ணன். "இனிமே நெருப்பெல்லாம் அவன் பாத்துக்குவான்."

அவள் அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஊதச் சொல்லுங்கண்ணே. அப்பாவுக்குக் குளுரு தாங்காது" என்று சொல்லிவிட்டு, படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் ஒரு காலை இழுத்துக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்தார். தினமும் கடையில் எல்லாருக்கும் தே ஓ, அதாவது பாலில்லாத டீ, வாங்கி வருவது அவர்தான். நாங்கள் சொன்னதில்லை. அவராகப் போவார், நாங்கள் குடிப்போம், அவ்வளவுதான்.

"உக்காருங்கண்ணே" என்றேன். "நான் போறேன்."

அவர் என்னவோ சொல்ல வந்தார். தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். எதிர்க்கடையில் ஒரே ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு, சூடு ஆறிவிடக் கூடாதே என்று சாலையை ஓடியே கடந்தேன்.