பெரியம்மாவின் பிறப்புப் பதிவுக்கு நான் போட்ட மனு

சட்டம் தெரியாதவனால் குடும்பத்துக்குப் பெரிய கெடுதல் வராது. முழுதாகத் தெரிந்தவனாலும் வராது. கைபேசியில் நான்கு வீடியோ பார்த்துவிட்டுத் தனக்குச் சட்டம் தெரியும் என்று நினைத்துக்கொள்பவன் இருக்கிறானே, அவனைத்தான் வாசலோடு நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். (சீசன் இல்லாத மாதங்களில் வேலையே உட்கார்ந்திருப்பதுதான்.) என் பெரியம்மா ரோசம்மா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தே ஓய்ந்தவர். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்குத் தலைப்பிரசவம். அங்கே துணைக்கு ஆள் இல்லை. ஈஸ்டருக்குள் அம்மா வந்துவிட வேண்டும் என்று தினமும் போனில் அழுதாள்.

போக பாஸ்போர்ட் வேண்டும். பெரியம்மாவுக்கோ ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் அட்டையில் வேறொரு வயது. (மூன்றில் குறைந்ததைத்தான் அவர் நம்பினார்.) பிறப்புப் பதிவைக் கொண்டுவாருங்கள் என்று பாஸ்போர்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

"நான் பாத்துக்கறேன் பெரியம்மா" என்றேன். அவரும் நம்பினார், பாவம்.

பழைய பதிவேடுகள் ஓர் அலுவலகத்தில் இருந்தன. (எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். நான் பட்டது போதும்.) அங்கே செல்லப்பன் என்று ஓர் உதவியாளர். அடிவாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருபவர். வயது ஐம்பதுக்கு மேல். பொங்கல் முடிந்த வாரம் போய் நின்றேன்.

"ஏனுங்க தம்பி, பேரைச் சொல்லித் தேட முடியாதுங்க" என்றார். "அந்தக் காலத்துல பொறந்த உடனே யாருங்க பேரு வெச்சாங்க? 'பெண் குழந்தை'ன்னு மட்டுந்தான் எழுதியிருப்பாங்க. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் சந்தைக்கு எறங்கற அன்னைக்கு, அந்த மாசத்துப் புள்ளைங்களை எல்லாம் ஒட்டுக்கா எழுதி வெச்சுட்டுப் போயிருவாரு. ஒவ்வொரு பக்கமா படிச்சுத்தான் பாக்கணும். கட்டு வேற மழையில நனைஞ்சு ஒட்டிக் கெடக்குது. கொஞ்சம் பொறுங்க சாமி."

பொறுப்பதா? நான் வீடியோ பார்த்தவன். அடுத்த வாரம் போனேன். "தேடிக்கிட்டே இருக்கறனுங்க" என்றார். மூன்றாவது வாரம் போனபோது நாற்காலி காலி. கோபத்தோடு ஒண்டிக்கடை முக்குக்கு வந்தால், அங்கே ஒரு டீக்கடை பெஞ்சில் யாரோ ஒரு பெரியவரோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் நம் செல்லப்பன். கையில் பஜ்ஜி.

எனக்குள் ஒரு போராளி எழுந்தான். (அவன் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கியிருக்கலாம்.)

அன்று மாலையே லாட்ஜ் கவுண்டரில் உட்கார்ந்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள். பெரியம்மாவின் பதிவு எங்கே என்பது ஒன்றாம் கேள்வி. மீதி இருபத்திரண்டும் செல்லப்பனைப் பற்றி. அலுவலக நேரத்தில் டீக்கடையில் செலவிடும் நிமிடங்கள் எத்தனை, அங்கே விவாதிக்கும் அரசு அலுவல் எது, பஜ்ஜி தின்ன அனுமதித்த அரசாணை எண் என்ன என்றெல்லாம் கேட்டிருந்தேன். பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன்.

"இதப் போட்டா சீக்கிரம் வந்துருமா கண்ணு?"

"நடுங்கிக்கிட்டுக் கொண்டுவந்து குடுப்பாங்க பாருங்க" என்றேன்.

யாரும் நடுங்கவில்லை. செல்லப்பனிடம் போய்க் கேட்டால், "மனு இருக்குதுங்க தம்பி, இனி நான் வாயில ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க" என்றதோடு சரி. முகத்தில் கோபமில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை.

சட்டம் கொடுத்த முப்பது நாளில் இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கி, வீட்டு வாசலில் நின்று பெரியம்மாவுக்கு நானே சத்தமாகப் படித்தேன். முத்து முத்தான கையெழுத்து. ஒன்றாம் கேள்விக்குப் பதில்: பதிவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, மனு வந்து சேர்ந்த அன்று காலையில் சான்றிதழ் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது, மனுவில் தாமதம் பற்றிப் புகார் இருந்ததால், பதிவேடும் உதவியாளரின் விளக்கமும் மேலிடத்துப் பார்வைக்காகச் சேலத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன, அவை திரும்பிய பிறகே சான்றிதழ் வழங்க இயலும்.

நிறுத்தியிருக்கலாம். வாய் தானாகவே டீக்கடைக் கேள்விக்குப் போய்விட்டது. குறிப்பிட்ட நாளில் உதவியாளர் அங்கே இருபது நிமிடம் இருந்தது உண்மை. மனுதாரரின் தகப்பனாருக்கு ஞானஸ்நானப் பெயர் தவிர எஸ்டேட்டில் வேறு கூப்பிடும் பெயர் இருந்ததா என்று, ஓய்வுபெற்ற ரைட்டரிடம் விசாரிக்கவே அவர் சென்றார். அந்தப் பெயரை வைத்தே பதிவு கிடைத்தது.

பஜ்ஜிக்கு அரசாணை ஏதும் இல்லை என்றும் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தார்.

பெரியம்மா உள்ளே போய், மகளுக்காக இடித்து வைத்திருந்த பிரசவ மருந்துப் பொடி டப்பாவை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் செல்லப்பன் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே கேட்டார்: "பதில் எல்லாம் வெளங்குச்சுங்களா தம்பி? கையெழுத்து புரிஞ்சுதுங்களா?"

"நொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

"வாரா வாரம் சேலத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன். அம்மாகிட்டச் சொல்லுங்க" என்றார்.

குருத்தோலை ஞாயிறன்று ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கணவருக்கு அன்று வேலை. பிரசவ அறைக்கு வெளியே அவளுக்கென்று ஒருவரும் இல்லை. பெரியம்மா கோவிலிலிருந்து வந்து, குருத்தோலையைக் கையில் பிடித்தபடியே போனில் பேத்தியைப் பார்த்தார். பதிவேடு மலை ஏறி வந்தது அதற்கும் பிறகு.

பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிந்து அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு ஏழு மாதம். ஆசையாகக் கை நீட்டிய பாட்டியைப் பார்த்து யாரோ என்று வீறிட்டு அழுதிருக்கிறது. பெரியம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் யாராவது குழம்புக்கு உப்புக் கேட்டாலும் "எழுத்துல குடுங்க, முப்பது நாளாகும்" என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். போன வருடம் ஒரு நாள் மதியம் லாட்ஜில் இருந்தபோது பெரியம்மா போனில் வந்தார். வீட்டில்தான் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மஸ்கட்டில் இருந்தார். போய்ப் பத்து நாளாகியிருந்தது. ஸ்டெல்லாவுக்கு இரண்டாவது பிரசவம் என்பது என் அம்மா உட்பட எல்லோருக்கும் தெரியும். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, ஒத்தாசைக்கு வந்துரும்" என்று அவள் சொல்லி வைத்திருக்கிறாள்.

"பையன் பொறந்திருக்கான் கண்ணு. பொறந்ததும் நாந்தான் மொதல்ல கையில வாங்கினேன்" என்றார் பெரியம்மா. ஏதாவது செய்ய வேண்டுமா பெரியம்மா என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் பண்ணீராத சாமி" என்றார் பதறிப்போய். "சும்மா சந்தோசமா இரு."