இடது பக்கம் பாடது

இனி என் வாழ்நாளில் எந்தப் பொருளையும் முழுமையாகப் படித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை உறுதி பூண்டேன். பூண்டவன் நான், பூணச் செய்தவள் என் மனைவி.

வழக்கு எங்கள் வீட்டுச் சிற்றறையைப் பற்றியது. பத்தடிக்கு எட்டடி, ஒரே சன்னல். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் அதில் அமர்ந்து பாட்டுக் கேட்டு வருகிறேன். கேட்க முயன்று வருகிறேன் என்பதே சரியான தொடர். இணையத்தில் பழைய ஒலிக்கருவிகளாகப் பார்த்து வாங்குவது என் வழக்கம். முதலில் வந்த டேப் ரெக்கார்டர் நாடாவைத் தின்றது. அடுத்து வந்த ரேடியோ இரைந்தது, பேசவில்லை. மூன்றாவதிலிருந்து புகை மட்டும் தெளிவாக வந்தது.

மனைவியோ அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைப்பவள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கைமெஷினை வைத்துக்கொண்டு தைக்கிறாள். சோறு கேட்டால் துணியை நகர்த்த வேண்டும். துணியை நகர்த்தினால் சோறு வராது.

“ஏங்க, கடைசியா ஒரே ஒரு வாட்டி. இப்ப வாங்குறது ஒழுங்கா வேலை செஞ்சா அந்த ரூம் உங்களுக்கு. இல்லைன்னா எனக்கு. சரிதானே?”

“சரி.”

“வாய்ப்பேச்சு வேண்டாம். எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ‘பழுதுடையதாயின்’ என்ற சொல்லை இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அறை போனால் எனக்குக் கூடம்தான் கதி. கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது. அதன் எதிரில் என் மனைவியின் அக்கா இருக்கிறார். எஞ்சிய ஆயுளை அவ்விருவருக்கும் இடையில் கழிக்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே இம்முறை படித்தேன். விற்பனைத் தளத்தின் ‘வாங்குவோர் பாதுகாப்பு’ விதிகள் பதினான்கையும் வரிக்கு வரி படித்தேன். ஒற்றுப் பிழைகள் ஆறு. மற்றபடி குறையில்லை. ‘விவரிப்பிற்கு மாறான பொருள் வந்தால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற ஒன்பதாம் விதி என் நெஞ்சில் பால் வார்த்தது.

பிறகு பொருளைப் படித்தேன். ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள். விற்பவர் ‘இசைவெறியன்’ என்ற புனைபெயரில் இருந்தார். புனைபெயரில் மட்டும் பிழையில்லை.

‘ஆம்ப்ளிஃபயர் செட் விற்பனைக்க. வீட்டக்கு வந்து கேட்ட பாக்கலாம். வலது பக்கம் சூப்பரா பாடுது. இடது பக்கம் பாடது.’ இப்படிப் போயிற்று அது.

பிழைகள் மொத்தம் பதினொன்று. அவற்றுள் ஒன்பது, உகரம் விடுபட்டவை. குற்றியலுகரம் தன் மாத்திரையிற் பாதியாகக் குறுகும் என்பது இலக்கணம். இவர் கைபட்டால் எந்த உகரமும் மாத்திரையே இன்றி மறைந்துபோயிற்று. ஆதலால் கடைசி வரியிலும் மறைந்தது உகரமே, அதாவது இடது பக்கமும் ‘பாடுது’ என்று முடிவு செய்தேன். பேச்சு வழக்குத்தான், மன்னித்தேன்.

ஆனால் பிழையை மன்னிக்க முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுப் பழக்கம். பதினொன்றையும் எண்ணிட்டு அவருக்கு எழுதினேன். பதினொன்றாவது இது: ‘பாடது என்றொரு சொல் தமிழில் இல்லை. ஒரு குறி விடுபட்டுள்ளது. திருத்துக.’

“ஓகே சார், தேங்க்ஸ். இப்பவே மாத்திடறேன்” என்று பதில் வந்தது. பணிவான பிள்ளை. மறுநாள் காலை ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். திருத்தியபின் மீண்டும் படித்தீர்களா என்று நீங்கள் கேட்கலாம். திருத்திக் கொடுத்த விடைத்தாளை எந்த ஆசிரியராவது திரும்ப வாங்கிப் படித்ததுண்டா?

ஐந்தாம் நாள் பெட்டிகள் வந்தன. பஞ்சும் அட்டையுமாகப் பச்சைக் குழந்தையைப்போல் பொதிந்து அனுப்பியிருந்தார். இணைத்தேன். வலது பக்கம் அருமையாகப் பாடியது. இடது பக்கம் மௌனம் காத்தது. கம்பியை மாற்றினேன்; மௌனம். தட்டினேன், மௌனம். பாடும் பெட்டி வாங்கப்போய்ப் படாத பாடு எனக்கு வந்து சேர்ந்தது.

அதற்குள் மனைவி ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். நேராக இடது பெட்டியின் முன் போட்டு உட்கார்ந்தாள்.

“நீ இந்தப் பக்கம் வாயேன், காத்து நல்லா வருது.”

“பரவால்லைங்க. இந்தப் பெட்டியில ஒண்ணும் கேக்கலையே?”

“அது… கொஞ்சம் அடக்கமான பக்கம்மா.”

“அடக்கம்னா?”

“எப்பவும் பாடாது. தேவையான இடத்துல மட்டும்தான் பாடும்.”

“எப்பங்க தேவைப்படும்?”

“வர வேண்டிய நேரத்துல வரும்.”

“உங்க ஓய்வூதிய உயர்வு மாதிரியா?”

நான் பாட்டை உரக்க வைத்தேன். அவள் தாளம் போட்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். தப்பித்தேன் என்று எண்ணினேன்.

புகார் கொடுக்க மூன்று நாள் அவகாசம். மூன்று நாளும் எழுதினேன். ஆறு பக்கம், ஒரு பிழையும் இல்லை. மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

“சார், உங்க புகாரைப் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க.”

“நன்றி அம்மா. பணம் எப்பொழுது திரும்பும்?”

“திரும்பாது சார். விவரிப்புக்கு மாறா இருந்தாத்தான் திரும்பும்.”

“மாறாகத்தானே இருக்கிறது? இடது பக்கம் பாடவில்லை.”

“விவரிப்புலயும் அப்படித்தான் சார் இருக்கு. ‘இடது பக்கம் பாடாது.’”

“இல்லையம்மா. அது ‘பாடது’. உகரம் விடுபட்ட ‘பாடுது’.”

“முதல்ல அப்படி இருந்துச்சு சார். அப்புறம் ஒருத்தர் பிழை திருத்தி அனுப்பியிருக்கார். விக்கிறவர் அன்னிக்கே கால் போட்டு ‘பாடாது’ன்னு மாத்திட்டார்.”

“அந்த ஒருத்தர்…” என்று இழுத்தேன்.

“திருத்தி அனுப்பினது நீங்கதான் சார். நீங்க வாங்கினது மறுநாள். அதனால அந்த வரியைக் குறிப்பா படிச்சிட்டுத்தான் வாங்கினீங்கன்னு நாங்க எடுத்துக்குவோம்.”

“வேறு வழியே இல்லையா?”

“வர்ற வழியில உடைஞ்சிருந்தா ஒரு விதி இருக்கு. உடைஞ்சிருக்கா?”

“இல்லை. மிக நன்றாகப் பொதிந்து அனுப்பியிருந்தார்.”

“நேர்ல வந்து கேட்டுப் பாக்கலாம்னுகூட எழுதியிருக்காரே சார்?”

“எழுதவில்லை. ‘கேட்ட பாக்கலாம்’ என்று எழுதியிருந்தார்.”

“அதையும் நீங்கதான் திருத்தியிருக்கீங்க” என்று சொல்லி, வாழ்த்துக் கூறி, இணைப்பைத் துண்டித்தார்.

உகரத்தை நம்பினேன், ஆகாரம் கவிழ்த்துவிட்டது. அறைக்குள் போய் அமர்ந்தேன். வலது பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அணைத்தேன். மறைத்து வாழும் வயதும் இல்லை, வலுவும் இல்லை. மனைவி திரும்பியதும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

அவள் கடையிலிருந்து வந்தாள். கையில் நூல்கண்டுகள். கழுத்தில் அளவு நாடா. நேராகச் சிற்றறைக்குள் நுழைந்து சன்னல் பக்கச் சுவரை அளக்கத் தொடங்கினாள்.

“இங்க பாரும்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த இடது பக்கம் இருக்கே…”

“பாடாது. தெரியும். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தேன்.

“எப்படித் தெரியும்?”

“போட்டிருந்தானே. நீங்க வாங்கின அன்னிக்குக் காலையிலே, நீங்க குளிச்சிட்டிருந்தப்ப என் போன்ல பார்த்தேன். பிழையே இல்லாம எவ்வளவு தெளிவா எழுதியிருந்தான்!”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீங்க படிச்சதுல நான் என்னிக்காவது குறை சொல்லியிருக்கேனாங்க?”

“அநியாயம்! சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேனே!”

“அதனாலதான் சொல்லல. அக்கா பக்கத்துல உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு.”

நாடாவின் என் முனை சுருண்டு அவளிடம் ஓடிப்போயிற்று. வாசலில் அழைப்புமணி அடித்தது. மோட்டார் வைத்த புதிய தையல் மெஷினோடு இருவர் நின்றிருந்தனர். மேசையும் காலும் தனித்தனியாக உள்ளே வந்தன. ஆம்ப்ளிஃபயரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். வலது பெட்டியைக் கூடத்துக்கு உருட்டிவிட்டேன். களைப்போடு இடது பெட்டிக்குக் கை நீட்டினேன்.

“ஐயோ, அதை எடுக்காதீங்க! நான் உட்கார்ந்து தைக்கச் சரியான உயரம். அளவும் சேர்த்துத்தான் போட்டிருந்தான், நீங்க படிக்கலையா?”