பொத்தானை அமுக்கியது நான் இல்லை

நோயாளிகளிலேயே மோசமானவர்கள் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ஓய்வு பெற்ற நர்ஸ்கள்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆண்டிமடம் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள் நான். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்தவர்கள், தடுப்பூசிக்குப் பயந்து முந்திரிக் காட்டுக்குள் ஓடியவர்கள் என்று ஒருவரையும் விட்டதில்லை. விரட்டிப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், எனக்கென்று ஒரு வைத்திய சாமான் வந்தபோது எப்படி நடந்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். (என் மகன் படித்தால், 'இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே' என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும்.)

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா, நடுவில் சிவப்புப் பொத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. விழுந்தாலோ மயக்கம் வந்தாலோ பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சிம் கார்டிலிருந்து சென்னையில் இருக்கும் என் மகன் செந்திலுக்குப் போன் போகும். அவன் எடுக்காவிட்டால் அரியலூரில் இருக்கும் என் தம்பி ராஜேந்திரனுக்குப் போகும். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது டப்பாவிலேயே நமக்குக் கேட்கும்.

இது என் கழுத்துக்கு வந்ததற்குக் காரணம், நான் குளியலறையில் வழுக்கி விழுந்தது. கணவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். காலை ஏழு மணிக்கு விழுந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. பக்கெட்டில் மக்கால் தட்டிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். பதினோரு மணிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் சத்தம் கேட்டு ஆள் கூப்பிட்டு வந்தார். நல்லவேளை, பாவாடை கட்டியிருந்தேன். இடுப்பு தப்பித்தது, மணிக்கட்டில் மட்டும் விரிசல்.

செந்திலிடம், "அஞ்சு நிமிஷந்தான்டா கெடந்தேன்" என்றேன். நான்கு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைச் சென்னைக்கு மூட்டை கட்டியிருப்பான். ஐந்து நிமிடத்துக்கே அவன் குதித்த குதியில் வீட்டை விற்கும் பேச்சு வரை போய்விட்டது. அழுது, சண்டை போட்டு, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இந்த டப்பாவை எப்போதும் கழுத்தில் போட்டிருக்கும்வரை நான் ஆண்டிமடத்திலேயே இருக்கலாம். இன்னொரு தடவை ஏதாவது ஆனால், மறுபேச்சில்லாமல் அவனோடு கிளம்பிவிட வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

போட்டுக்கொண்டேன், ஆனால் ஒழுங்காகப் போட்டுக்கொண்டேனா என்றால் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் தீபாராதனை நேரம், எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கையில் என் மார்பிலிருந்து ஒரு பெண் குரல் 'பேட்டரி லோ' என்று இங்கிலீஷில் கணீரென்று சொன்னது. பூசாரி தட்டோடு திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த கையோடு டப்பாவின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிட்டேன். நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்டால் போதாதா, அவர்கள் பேசி நமக்கு என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். (இதையே ஒரு நோயாளி செய்திருந்தால் அவளை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டிருப்பேன்.)

இரண்டு மாதம் கழித்து, எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்த சின்னத்தம்பிப் பெரியவர் ஒரு விடியற்காலையில் காலமானார். தொண்ணூறு வயது, கொள்ளுப் பேரன் பேத்தி பார்த்த கல்யாணச் சாவு. காலையிலேயே பந்தல் போட்டுத் தப்படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து மணிக்கு நான் கிளம்பினேன். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்க வேண்டும், போனெல்லாம் எதற்கு என்று அதைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். டப்பா மட்டும் சேலைக்குள் தொங்கியது.

எங்கள் பக்கத்துத் துக்க வீட்டு வழக்கம் தெரிந்ததுதான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். புதிதாக வருகிறவள் நேராகப் போய் அந்த வட்டத்தில் யாரையாவது கட்டிக்கொண்டு அழ வேண்டும். நான் போய் உட்கார்ந்த இடத்தில், என் பக்கத்தில் கனகம் இருந்தாள்.

கனகம் என் அடுத்த வீட்டுக்காரி. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி அவள் துணி காயப்போடும் கொடியில் விழுந்ததில் ஆரம்பித்து, அவள் என்னை 'ஊசி போட்டே ஊரைக் கெடுத்தவ' என்று சொன்னதில் முடிந்த சண்டை அது. ஆனால் சாவு வீட்டில் பகை பார்க்கக் கூடாது. எதிரும் புதிருமாக இருப்பவர்கள் அங்கே கட்டிக்கொள்ளாவிட்டால் தெருவே பேசும். எனவே அவளும் கையை நீட்டினாள், நானும் நீட்டினேன். யார் முதலில் விடுவது என்பது அடுத்த பிரச்சினை. முதலில் விட்டவள் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுவாள், அந்தப் பேரை நான் வாங்கத் தயாராக இல்லை. அவளும் தயாராக இல்லை போலிருக்கிறது. அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய தாலிக்கொடிக்கும் என் மார்புக்கும் நடுவில் பொத்தான் அமுங்கியது எனக்குத் தெரியவே தெரியாது.

திடீரென்று கனகம் நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். தப்புச் சத்தத்துக்கு மேல் ராகம் போட்டு அழுதாள். "யக்கா, நீ வுழுந்து கெடந்த அன்னைக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சே. நீ என்னைத்தான் ஏசுறன்னு நெனச்சு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேனே. நாலு மணி நேரம் கெடந்தியாமே யக்கா. நான் வராம இருந்துட்டேனே, பாவி."

குளியலறைத் தரையில் கிடந்தபோது அந்த டிவி சத்தம் எனக்கும் கேட்டது. 'பாரு, நான் சாவக் கெடக்கேன், இவ நாடகம் பாக்குறா' என்று அப்போது அவளைச் சபித்திருந்தேன். இப்போது நானும் வாய்விட்டு அழுதேன்.

சென்னையில், ஆபீசில் உட்கார்ந்திருந்த செந்திலுக்குக் கேட்டது இவ்வளவும்தான். தப்புச் சத்தம், நாற்பது ஐம்பது பெண்கள் அழும் சத்தம், அம்மாவின் பெயருள்ள நம்பரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி 'நீ கெடந்தியே, நான் வரலையே' என்று வைக்கும் ஒப்பாரி. அவன் 'அம்மா, அம்மா' என்று கத்தியிருக்கிறான். நான்தான் சத்தத்தைக் குறைத்து வைத்த புத்திசாலி ஆயிற்றே. என் போனுக்கு அடித்தான், அது பூட்டிய வீட்டுக்குள் அடித்து ஓய்ந்தது. மாமனுக்குச் சொல்லிவிட்டுக் காரை எடுத்துவிட்டான்.

என் தம்பி விசாரிக்காமல் இல்லை. எங்கள் தெருமுனை டீக்கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கிறான். அக்கா செத்துவிட்டாளா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. "தெருவுல துக்கமாமே?" என்றிருக்கிறான். அவரும், "ஆமாங்க, விடியக்காலம். நாலு மணிக்கு எடுக்குறாங்க. வாங்க" என்றிருக்கிறார்.

பன்னிரண்டரை மணிக்குப் பந்தல் முன்னால் கார் வந்து நின்றது. ராஜேந்திரன் இறங்கினான். ஒரு கையில் ஆளுயர ரோஜா மாலை, இன்னொரு கையில் துணிக்கடைப் பை. எனக்குப் பெருமையாக இருந்தது. பரவாயில்லையே, ஆள் விட்டுச் சொல்லாமலே பெரியவர் சாவுக்கு வந்துவிட்டானே என்று நினைத்தேன். துக்க வீட்டில் யாரையும் வா என்று கேட்கக் கூடாது, அதனால் தலையை மட்டும் அசைத்தேன்.

அவன் கையிலிருந்து மாலை கீழே விழுந்தது.

"யக்கா, நீ இருக்கியா?"

"எங்கடா போவேன், இங்கதான உக்காந்திருக்கேன்" என்றேன்.

அவன் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். பை சரிந்து, அதிலிருந்து அரக்குக் கலரில் ஒரு பட்டுச் சேலை வெளியே வந்தது. பெரியவர் மகள் அதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கு ஏங்க சேலை?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைப் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும். என் தம்பி அத்தனை அழுகையிலும் முறையை மறக்காமல் ஜெயங்கொண்டத்தில் வண்டியை நிறுத்தி எனக்குக் கோடி எடுத்து வந்திருக்கிறான். விஷயம் புரிந்ததும் முதலில் பெரியவரின் பேத்தி சிரித்தாள். பிறகு வட்டம் மொத்தமும் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டது. தப்படிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டார்கள். பெரியவர் நாற்காலியில் தாடைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார், அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. எனக்கு அவரை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

நான் பிறந்த வீட்டுச் சீராக வருடா வருடம் அவனிடம் வாங்கியதெல்லாம் ஒரே அலசலில் சாயம் போகும் சேலைகள். "உசுரோட இருக்கையில ஒரு பட்டு எடுத்திருக்கியாடா?" என்று கேட்டேன். "கடைசின்னு நெனச்சேன் யக்கா" என்றான். கேலி செய்ய வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

செந்திலுக்குத் தகவல் சொன்னபோது அவன் திண்டிவனத்தில் இருந்தான். தம்பி போனை என்னிடம் கொடுத்தான். நான் ஹலோ என்றேன். அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. "வரேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தான். என் கதை முடிந்தது என்று புரிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தேன்.

பெரியவரை எடுத்த பிறகுதான் அவன் வந்து சேர்ந்தான். செருப்பைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தான்.

"நாலு மணி நேரமாம்மா கெடந்த?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"இந்த வூட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிடுவியேன்னு பயந்துட்டேன்டா."

அவன் அழுதான். மீசை முளைத்த பிறகு அவன் அழுது நான் பார்த்தது அவன் அப்பா போன அன்றைக்கு மட்டும்தான். என்னால் பிள்ளை அழுகிறானே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "பெட்டிய எடுத்து வெச்சுட்டேன், வரேன்" என்றேன்.

அப்போது கேட் திறந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் வாசலில் கனகம், ஈரத் தலையோடு.

"தம்பி, அக்காவ கூட்டிட்டுப் போவாதீங்க. அந்தப் பொத்தானுல என் நம்பர மொதல்ல போடுங்க."

செந்தில் நிமிர்ந்து பார்த்தான். "கேட்டும் வராதவங்க நம்பரையா?" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு வரலை தம்பி. அதனாலதான் கேக்குறேன்" என்றாள்.

அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு என் கழுத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். டப்பாவைக் கழற்றிக் கொடுத்தேன். சத்தத்தை முழுசாகக் கூட்டினான். முதல் நம்பரை அழித்துவிட்டு, "சொல்லுங்க அத்தை" என்றான். தன் நம்பரை இரண்டாவதாகப் போட்டு, முதல் ஆள் எடுத்தாலும் அதுவும் அடிக்கும்படி மாற்றி வைத்தான். மாமன் நம்பரை எடுத்தேவிட்டான். அரியலூரிலிருந்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று காரணம் சொன்னான். (வழியில் துணிக்கடை வேறு இருக்கிறது.)

அந்தப் பட்டை நான் பொங்கலுக்குக் கட்டினேன். கோடியாக வந்ததைக் கட்டக் கூடாது என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். கட்டிக்கொண்டு அரியலூருக்கே போய்த் தம்பி வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சென்ற ஆடி மாதம் ஒரு காலை, அடுப்படியில் தலை சுற்றி அப்படியே சரிந்துவிட்டேன். இந்தத் தடவை பொத்தானை நானேதான் அமுக்கினேன். கனகம் இட்லி மாவுக் கையோடு ஓடி வந்தாள், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நிலைப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "யக்கா, நெசமாவா, இல்ல யாரையாச்சும் கட்டிப் புடிச்சியா?" என்று கேட்டாள்.

"நெசந்தான்டி, தூக்கு" என்றேன்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். செந்தில் அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், சென்னைக்குக் கிளம்பு என்ற பேச்சை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து அவன் போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை, கனகம் கேட்டதைத்தான் கேட்கிறான். பெரும்பாலும் அந்த நேரத்தில் அவள் என் கூடத்தில்தான் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.