எந்தப்பக்கம் மேடம்

யாரோடும் ஒத்துப்போகாத மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் சொந்த இடது கையோடுகூட ஒத்துப்போகாத ஒரே ஆள், ரேணிகுண்டாவில் என் வீட்டு மாடியில் குடியிருந்த எந்தப்பக்கம் மேடம்தான். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. வாடகை பேச வந்த அன்றைக்கே அந்தப் பேர் போய்விட்டது.

வீட்டைக் காட்டிக்கொண்டே, "பாத்ரூம் இடது பக்கம்மா" என்றேன்.

"யாருக்கு இடது?"

"இன்னாம்மா கேள்வி இது? உனக்குத்தான்."

"உள்ள போறப்பவா, வெளிய வர்றப்பவா?"

இத்தனை வருஷமாக அந்த பாத்ரூமுக்குப் போய் வருகிறேன். எனக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்ததில்லை.

அவர் வேலை அப்படி. புற்றுநோய்க்கு புரோட்டான் என்று ஒரு கதிரை விடுகிறார்கள். மிஷினிலிருந்து அது பரந்து வரும். கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் பாய வேண்டும் என்றால், குறுக்கே கனமான பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, அதில் கட்டியின் வடிவத்துக்கே ஓட்டை போட வேண்டும். கோலிமேட்டர் என்பார்கள். நான் முறுக்கு அச்சு என்பேன். ஓட்டை எப்படியோ, விழுவதும் அப்படி. சென்னை ஆஸ்பத்திரி ஒன்று கட்டியின் படத்தை அனுப்பும், மேடம் ஓட்டையை வரைவார், எங்கள் ஊர்ப் பட்டறை வெட்டும். அந்தத் துண்டைத் திருப்பி வைத்தால் கட்டி தப்பிக்கும், நல்ல சதை வேகும். அதனால்தான் மேடம் எதைப் பார்த்தாலும் எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் திருப்பதியிலிருந்து ஆட்டோவில் வந்திருக்கிறார். எங்கள் தெரு முனையில் ஆட்டோக்காரர், "எடம வைப்பா, குடி வைப்பா மேடம்?" என்று தெலுங்கில் கேட்டிருக்கிறார். "உனக்கா, எதிர வர்ற பஸ்ஸுக்கா?" என்றிருக்கிறார் இவர். இடமும் வலமும் தீர்வதற்குள் வடமாலபேட்டை வந்துவிட்டது. பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். அந்த ஆட்டோக்காரர் அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கே சவாரி ஏற்றுவதில்லை.

சர்ச்சில் ஒரு கல்யாணம். போட்டோ எடுப்பவர், "பொண்ணு லெப்ட்ல நில்லுங்க" என்றார். மேடம் எழுந்து, "கேமராவுக்கு லெப்டா, பொண்ணுக்கு லெப்டா, பாத்துச் சொல்லுங்க" என்றார். பொண்ணும் மாப்பிள்ளையும் இடம் மாறி மாறி நின்றதில் பாதிரி ஐயர் பைபிளை மூடிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இதையெல்லாம் பொறுத்தேன். என் சமையல் கட்டில் கை வைத்தபோதுதான் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அரத்தை எடுத்துவந்து, என் பாத்திரம் ஒவ்வொன்றின் விளிம்பிலும் சின்னதாக ஒரு வெட்டு போட்டு, மூடி ஓரத்தில் அதற்கேற்ற ஒரு பல் விட்டுவிட்டார். பல் வெட்டுக்குள் விழுந்தால்தான் மூடி உட்காரும்.

"இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற?"

"இல்லன்னா ஒரு நாள் மூடியத் திருப்பி வெச்சிடுவீங்கம்மா."

"வெச்சா இன்னா? சாம்பார் கோச்சிக்கினு ஓடிடுமா?"

அப்போதுதான் என் இடது கண்ணில் நிழல் விழ ஆரம்பித்தது. சித்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் மூக்குப் பக்கமாகக் கட்டி, கண்ணையே எடுத்துவிடலாம் என்றார்.

"எடுத்து நீ இன்னா பண்ணப் போற? உனக்குத்தான் ரெண்டு கீதே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் பிறக்கும்போது கொண்டுவந்த கண். யார் கேட்டாலும் கொடுக்கிற உத்தேசம் இல்லை.

மேடம் இதைக் கேட்டதும், "என் ஓட்டை இருக்கறப்ப கண்ண ஏன் குடுக்கணும்?" என்று சென்னைக்குக் கூட்டிப்போனார். எல்லாம் பார்த்தார்கள், நாள் குறித்தார்கள். கட்டியின் படம் வந்தது, மேடமே ஓட்டையை வரைந்தார், பட்டறை வெட்டியது. எனக்கென்று வெட்டிய பித்தளையை எனக்குக் காட்ட வீட்டுக்கே எடுத்துவந்தார். நகத்தளவு ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் புடைத்துக்கொண்டு.

காட்ட வந்தவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். பித்தளையை மிஷினில் மாட்டுகிற பக்கமாகவே என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். புடைப்பு மூக்குப் பக்கம் இல்லை, காதுப் பக்கம் இருந்தது.

தன் ஆபீஸுக்குப் போன் போட்டார். அங்கே அவருக்கு மேலே இருந்த பெரியவர் பேசியது எனக்கும் கேட்டது. "டாக்டர் சைன் பண்ணிட்டாரும்மா. நீ போட்ட டிசைன்தானே?"

"நான் போட்டதுதான் சார். தப்பு. படத்த எந்தப் பக்கம் இருந்து பாத்ததுன்னு மாத்தி எழுதி அனுப்பிக்கிறாங்க. நானும் நம்பிட்டேன்."

"வீட்டு ஓனர்னு நீ பயந்துக்கினு கீற. டிரைவர் வருவான், குடுத்தனுப்பு. இல்லன்னா வேலை போயிடும்."

"போவட்டும் சார். எந்தப் பக்கம் போவுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவர் போனை வைத்ததும் நான் பித்தளையை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்தேன். ஜீப் வந்து நின்றபோது வாசலை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான்.

"அம்மா, மேடம் கொண்டாந்த பித்தளை வேணும்" என்றார் டிரைவர்.

"இந்த வீட்ல கீற பித்தளையெல்லாம் எங்க அம்மா வீட்டு சீரு. அண்டாவா, சொம்பா, எதத் தூக்கினு போவப் போற? தொட்டுத்தான் பாரேன்."

அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பித்தளை கிடைக்காததால் சென்னையில் வேறு வழியில்லாமல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் பெரியவரே போன் செய்து, படம் பக்கம் மாறித்தான் வந்திருக்கிறது என்றார். மேடம் கேட்டுக்கொண்டு, "சரி சார்" என்று மட்டும் சொன்னார். புதுசு வெட்டினார்கள். அதையும் என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் மேடம் சென்னைக்கு அனுப்பினார்.

கண் தங்கிவிட்டது. அந்தக் கண்ணில் பார்த்தால் எல்லாம் புகை மூட்டினாற்போலத்தான் தெரியும். தெரிகிறவரைக்கும் அது என்னுடையது. சித்தூர் டாக்டரை ஒரு தரம் மார்க்கெட்டில் பார்த்தேன். அந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

மேடத்துக்கு வேலை போகவில்லை. சென்னை ஆஸ்பத்திரியே கூப்பிட்டுக்கொண்டது. இப்போது அங்கே எந்தப் பித்தளையும் அவர் கேள்வியைத் தாண்டாமல் மிஷினுக்குள் போகாதாம். மாடி காலியாகத்தான் கிடக்கிறது. கேட்டு வருகிறவர்களிடம் பாத்ரூம் இடது பக்கம் என்கிறேன், சரி என்று தலையாட்டுகிறார்கள். இவர்களை நம்பி எப்படி வீட்டை விடுவது?

போன மாதம் புதுசாக ஒரு குழம்புச் சட்டி வாங்கினேன். எப்படி வைத்தாலும் மூடி உட்கார்ந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பில் ஏற்றாமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், மாடி வீட்டுப் பெண் அரத்தோடு வரட்டும் என்று.