உனக்குச் சாப்பாட்டுக்கு இடம் பார்த்த வகையில்

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும், பக்கத்து வீட்டு அத்தையும், என் வெங்காயக் கூடையும் நலம் என்று நம்புகிறேன். கூடையில் முளை விட்டதை முதலில் எடுத்துச் சமை. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ நடுவில் "அப்பா" என்று ஒரு இழுப்பு இழுப்பாய். நான் சொல்ல வந்ததை மறந்து "சரிம்மா" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

பரீட்சை அவசரத்தில் என்னிடம் இரண்டு வேலை கொடுத்து அனுப்பினாய். கண்ணாடித் தொழிற்சாலை அலுவலகத்தில் உன் சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுப்பது ஒன்று. பயிற்சிக் காலச் சம்பளத்தில் அறை வாடகை போக மிஞ்சுவதில் நீ மூன்று வேளையும் சாப்பிட ஓர் இடம் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது முடிந்தால்தானே முதலாவது? அதனால் சம்மதக் கடிதத்தைப் பையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் அம்மா போனபோது உனக்கு ஏழு வயசு. அன்றிலிருந்து உனக்குச் சமைத்துப் போடுகிறவன் நான். எவன் கையிலோ உன் வயிற்றை ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி நாலு இடம் பார்க்க வேண்டாமா?

வந்த அன்றைக்கே ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடைக்குப் போனேன். வாசலில் எழுதியிருந்த விலை நின்றுகொண்டு சாப்பிடுகிறவனுக்காம், உட்கார்ந்தால் வேறு விலையாம். சரி, நம் கால் நமக்கு உதவாதா என்று நின்றேன். தட்டு வந்தது. சோறு மலைபோல இருந்தது. நாலு வாய் வைத்ததும் தட்டு தெரிந்தது. பார்த்தால் தட்டுக்கு நடுவில் ஒரு மேடு, அதன் மேல் சோற்றைப் போர்த்தியிருக்கிறான். எடை அளவு இலாகாவில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவனிடமே இந்த வேலையா? பழக்கதோஷம், பையிலிருந்த ஸ்பிரிங் தராசை எடுத்து, மிச்சச் சோற்றைப் பாலித்தீன் பையில் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் பாப்பா, கடையே நின்றுபோனது. கல்லாவில் இருந்த முதலாளி ஓடி வந்து எனக்கு நாற்காலி போட்டார், ஃபேனை என் பக்கம் திருப்பினார், மேடு இல்லாத தட்டு ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து சோறு, பருப்பு, இரண்டு முட்டை என்று அடுக்கினார். நான் ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். எல்லா சாரும் முதலில் அப்படித்தான் சொல்வாங்க என்று சிரித்தார். காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊசி முனையளவு சேதி உலக்கையாகிவிட்டது போலிருக்கிறது. மறுநாள் அந்தத் தெருவில் நான் காலை வைத்ததும் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். அடுத்த கடையில் எனக்கென்று புதிதாக எண்ணெய் ஊற்றிப் பொரித்தார்கள். தராசை அறையிலேயே விட்டுவிட்டுப் போனாலும் மூஞ்சியைக் கழற்றி வைத்துவிட்டா போக முடியும்? மூணு நாளில் இடுப்பு வேட்டி இறுக்கிப் பிடிக்குது. ஆனா உனக்கு என்ன போடுவாங்கன்னு மட்டும் தெரியல. இன்ஸ்பெக்டருக்குப் போடற சோறும் இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்குப் போடற சோறும் ஒண்ணா? சரி, வேற ஆளை விட்டுப் பார்க்கலாம்னு லாட்ஜில் பக்கத்துக் கட்டில்காரரை அனுப்பினேன், பூட்டு விற்கிறவர், நாள் பூரா நடக்கிறவர். அஞ்சு கடைக்குப் போய்ட்டு வந்து அஞ்சுமே பிரமாதம்னுட்டார். பசித்தவன் சாட்சி எதுக்கு ஆகும்?

நேற்று, என் முகம் தெரியாத இடமாகப் பார்க்கலாம் என்று பஸ் ஏறித் தொழிற்சாலைப் பக்கமே போனேன். பின்பக்கச் சந்தில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மெஸ். உன் வயசுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நடத்துவது ஒரு அம்மா. பயம் என்றால் என்னவென்று தெரியாதவர். நான் தட்டைத் திருப்பி அடியில் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டை மேலதாங்க போடுவோம்" என்றார். தண்ணீரைக் கொதிக்க வைக்கிறீர்களா, நேற்றைய பருப்பை இன்றைக்குச் சுட வைப்பீர்களா, வேலை முடிந்து ஒரு பெண் தாமதமாக வந்தால் என்ன மிஞ்சும் என்றெல்லாம் குடைந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தாமதமாக வருகிறவள் பெயரை எழுதித் தட்டை மூடி வைப்பார்களாம். அப்படியும் விடாமல், உப்பு ஒரு கல் குறைச்சல், மாடிப்படி செங்குத்து என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அவ எங்க சாப்பிடுவான்னு ஊரெல்லாம் தேடறீங்க. அவ வந்துட்டா, நீங்க யாருக்குங்க சமைப்பீங்க?"

பாப்பா, இத்தனை வருஷம் ஊரில் இருக்கிற படியையும் கல்லையும் சரி பார்த்தவன், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு யோசிச்சுப் பார்த்தேன், தெரியல. தண்ணியைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன். படியில் இறங்கும்போது கண் சரியாகத் தெரியவில்லை. படி உண்மையிலேயே செங்குத்துதான்.

ஆகவே நான் முடிவாகச் சொல்வது, இந்த ஊர் உனக்குச் சரிப்படாது. ரயிலடியில் ஏமாற்று, நடுவில் பயம், தொழிற்சாலைப் பக்கம் உப்புக் குறைச்சல். நம் ஊர்ப் பள்ளிக்கூடச் சோதனைக்கூடத்தில் ஆள் வேண்டும் என்று தலைமையாசிரியர் போன மாசமே சொன்னார். சம்பளம் கம்மிதான், ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். வேண்டாம் என்று போனில் ஒரு வார்த்தை சொல், பையில் இருக்கிற கடிதத்தோடு அடுத்த ரயிலில் வந்துவிடுகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. பல் தேய்க்காமல் காபி குடிக்காதே. அத்தைக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அப்பா

பின்குறிப்பு: சம்மதக் கடிதம் பையில் இருக்கிறது என்று மேலே எழுதியது பொய். வந்த அன்றைக்கே, பல்கூடத் தேய்க்காமல், அலுவலகம் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்று கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கையில் வைத்திருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. வருகிற திங்கள் நீ சேர வேண்டும். இன்றைக்குக் காலையில் திரும்பப் போய் அந்த அம்மாவின் மெஸ்ஸில் உன் பெயரைச் சொல்லி வைத்தாயிற்று. படியில் பார்த்து ஏறு. வயிறாரச் சாப்பிடு. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுது. அப்பா சமைப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று மட்டும், அப்படியே இருந்தாலும், ஒரு ஆறு மாசத்துக்கு எழுதாதே.